குறி சுடும் ரைபிளும் குறைந்த செலவும்

வட ஜொகூரில், சிகாமட்டிலிருந்து யோங் பெங் செல்லும் சாலையில், பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் சூழ அமைந்த ஊர் லாபிஸ். உலக வரலாற்று நூல்களில் இவ்வூரின் பெயர் ஒரே ஒரு செய்தியால் இடம் பெற்றிருக்கிறது. இந்தோனேசியாவுடன் பகை மூண்டிருந்த காலத்தில், 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் பின்னிரவில், 96 இந்தோனேசிய வீரர்கள் பாரசூட்டில் இவ்வட்டாரத்தில் இறங்கினர். இடியும் மழையுமான வேளை. வீரர்கள் திக்குக்கு ஒருவராகச் சிதறிப் போயினர். கூர்க்காப் படையும் நியூசிலாந்துப் படையும் காடும் தோட்டமும் புகுந்து தேடின. ஒரு மாதம் முடிவதற்குள் அவர்களுள் பெரும்பாலோர் பிடிபட்டனர் அல்லது மாண்டனர்.

அதற்கும் முன்னே 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலம் இருந்தது. அக்காலத்தில் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து மலாயாவில் தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்த கணபதி, ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்திற்காக 1949 மே மாதம் 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத்துத் தமிழர் நெஞ்சில் அச்செய்தி நெடுங்காலம் நின்றது. இப்படிப்பட்ட நினைவுகளைக் கேட்டு வளர்ந்த குடும்பத்தில், பேரன் ஒருவன் ‘ரைபிள் சுடப் பழக வேண்டும்; போட்டிக்குப் போக வேண்டும்’ என்று சொன்னால் பாட்டனார் திடுக்கிடுவது இயல்பே. திடுக்கிட்டவர் சற்று ஆறிய பின் கேட்கும் அடுத்த கேள்வி, ‘அதற்கு எவ்வளவு பணம் ஆகும்?’ என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேரன் குறிப்பிடும் கருவி எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது படைவீரன் தோளில் தொங்கும் ரைபிள் அன்று. வழக்கில் ‘பாயின்ட் டூ டூ’ எனப்படும் சிறுகுழல் ரைபிள். அதன் குண்டு 5.6 மில்லிமீட்டர் குறுக்களவே உடையது. குழலின் உட்சுவரில் திருகாணிபோல் வளைந்து செல்லும் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பற்றிக்கொண்டு வெளிவரும் குண்டு, பம்பரம்போல் தன்னைத்தானே சுழன்று நேர்கோடு பிறழாமல் செல்லும். ஆங்கிலத்தில் அவ்வரி வெட்டும் தொழிலுக்கு உரிய சொல்லே ‘ரைபிள்’ என்று கருவிக்கும் ஆயிற்று.

சொல்லைப் பற்றிப் பேசும்போது இன்னும் ஒன்று. ‘துப்பாக்கி’ துருக்கி மொழியிலிருந்து வந்த சொல் என்பர் சொல்லாராய்ச்சியாளர். மலாய்க்காரர் வழங்கும் ‘செனாப்பாங்’ டச்சு மொழியிலிருந்து வந்தது. வகுப்பில் வான்சிறப்பு அதிகாரம் நடத்தும்போது, வள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்ததா என்று ஒரு மாணவனாவது எழுந்து கேட்பான். அக்குறளில் உள்ளது ‘உணவை உண்டாக்கி’ என்னும் பொருளது. வெடிமருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிரித்துவிட்டு மேலே செல்லலாம்.

இச்சிறு ரைபிளின் தோட்டா ஒரு தனி இனம். பெரிய துப்பாக்கித் தோட்டாவின் அடியில், நடுவே, தீப்பொறி எழுப்பும் சிறு மூடி ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். பாயின்ட் டூ டூ தோட்டாவில் அம்மூடி இல்லை. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு உள்ளீடற்று மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள்ளேயே தீமருந்து பூசப்பட்டிருக்கும். ரைபிளின் அடிமுள் அவ்விளிம்பில் எந்த இடத்தில் தட்டினாலும் அது நசுங்கித் தீ எழும். ஆகவே இதனை ‘ரிம் பயர்’ என்பர். விளிம்பில் தீப்பற்றும் தோட்டா என்று நாம் சொல்லலாம். 1845-இல் பாரிசு நகரத்து ஃபுளோபேர் என்பவர் வீட்டுக்கூடத்தில் குறி சுட்டு விளையாடுவதற்காக அமைத்த சிறு தோட்டாவிலிருந்து இவ்வினம் தோன்றியது. இன்று உலகெங்கும் வழங்கும் ‘லாங் ரைபிள்’ அளவு 1887-இல் அமெரிக்காவில் உருவாயிற்று.

விளிம்பு நசுங்க வேண்டுமானால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். பித்தளை மெல்லியதானால் உள்ளே பேரழுத்தம் கூடாது. அழுத்தம் குறைவானால் குழலுக்குத் தேய்மானமும் குறைவு, தோளில் உதைப்பும் குறைவு, தோட்டா விலையும் குறைவு. ஏழை வீட்டுப் பிள்ளையும் பழகத்தக்க விளையாட்டாக இதனை ஆக்கியது இந்த மெல்லிய பித்தளையே. ஆனால் அதிலேயே ஒரு குறையும் உண்டு. மடிப்பு முழுவதும் மருந்து ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். தோட்டாவுக்குத் தோட்டா அது இம்மியளவு மாறினும் குண்டின் விரைவு மாறும். சுட்டு முடித்த பெரிய தோட்டாவை மீண்டும் நிரப்பித் தன் விருப்பப்படி சீராக்கிக்கொள்ளலாம். இதனை அவ்வாறு நிரப்ப முடியாது. தொழிற்சாலை தந்ததே முடிவு. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்க. செலவுக் கணக்கு முழுவதும் பின்னால் இதனைச் சுற்றியே அமையும்.

மலிவான ரைபிள் என்னும் தேவை இன்று எழுந்தது அன்று. 1899-இல் தொடங்கிய போயர் போரில், தென்னாப்பிரிக்க உழவர்களின் குறி தவறாத சூட்டிற்கு முன் பிரிட்டிஷ் படை பெரிதும் அல்லலுற்றது. அங்கே படைத்தலைமை ஏற்றிருந்த ராபர்ட்ஸ் பிரபு, 1881 முதல் 1885 வரை நம் சென்னைப் படையின் தளபதியாய் இருந்தவர். தொழிலாளரும் எழுத்தரும் குறி சுடப் பழக வேண்டும் என்ற இயக்கத்துக்கு அவர் துணை நின்றார். படை ரைபிள் வாங்கவும், பல நூறு கஜ நீளமுள்ள சுடுகளத்துக்குப் போய்வரவும் தொழிலாளிக்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. எனவே 1901-இல் சிறு ரைபிள் கழகங்களின் சங்கம் ஒன்று அங்கே தோன்றியது. கிடங்குகளிலும் தொழிற்சாலைக் கூடங்களிலும் 25 கஜத் தொலைவில் இலக்குத் தாளை மாட்டிப் பாயின்ட் டூ டூ சுட்டனர். படையில் காலங்கடந்து ஒதுக்கப்பட்ட மார்ட்டினி வகைத் துப்பாக்கிகளுக்குச் சிறுகுழல் பொருத்திக் கொடுத்தனர். ஏழெட்டுப் பேருக்கு ஒரு ரைபிள். தோட்டாவுக்கு மட்டும் அவரவர் காசு. 1908-இல் லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் சிறுகுழல் ரைபிள் போட்டியாகவே இடம் பெற்றுவிட்டது. அச்சங்கம் 1947-இல் பெயர் மாறி இன்றும் இருந்து வருகிறது.

அக்கழகங்களுக்கு ரைபிள் செய்து தந்தவற்றுள் முதன்மையானது பர்மிங்காம் ஊரின் பி.எஸ்.ஏ. நிறுவனம். சென்னை அம்பத்தூரில் உருவாகி வந்த பி.எஸ்.ஏ. சைக்கிளைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். அப்பெயரின் மூல நிறுவனத்திற்குரிய சின்னம் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று ரைபிள்கள். சைக்கிளுக்கு ஏன் துப்பாக்கிச் சின்னம் என்று வியந்தவர்களுக்கு விடை இதுவே.

இவ்வரலாற்றை இங்கே விரித்தது காரணத்தோடுதான். குறைந்த செலவு என்பதை அன்று அவர்கள் மலிவான பொருளை ஆளுக்கொன்று வாங்கிச் சாதிக்கவில்லை. நல்ல பொருள் ஒன்றைப் பலர் கூடி ஆண்டு சாதித்தனர். மலேசியாவில் இன்று அதுவே ஏறக்குறைய ஒரே வழியும் ஆகும். 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, ஆயுதம் வைத்திருக்க மாநிலக் காவல்துறைத் தலைவரின் உரிமம் வேண்டும். தோட்டாவுக்கும் அனுமதி வேண்டும். காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கியும் இந்நாட்டுச் சட்டத்தில் ஆயுதமே. தமிழ்நாட்டிலிருந்து உறவினர் ஒருவர், ‘அங்கே சிறிய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பதில்லை, ஒன்று வாங்கி அனுப்புகிறேன்’ என்று அன்போடு சொன்னால் அவரைத் தடுத்து நிறுத்துவது பெற்றோரின் கடமை. 1971-ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 14 ஆண்டு வரை சிறையும் அதனோடு பிரம்படியும் விதிக்கிறது. ஆகவே ரைபிளைத் தேடும் முன் சங்கத்தைத் தேடுக. உரிமம் பெற்ற சுடுகளத்தில், சங்கத்தின் துப்பாக்கியை, பயிற்சியாளர் அருகிருக்கச் சுட்டுப் பழகுவதே முதற்படி. அந்தப் படியில் இளைஞன் செலவிடுவது தோட்டாவுக்கும் பேருந்துக்குமே.

அப்படியாயின் சொந்த ரைபிள் தேர்வு செய்வது பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஓரிரண்டு ஆண்டு பழகி, போட்டிகளில் பெயர் பதிந்த பிறகு, சங்கத்தின் பொதுத் துப்பாக்கி உடம்புக்குப் பொருந்தாமல் இடறத் தொடங்கும். தனி மனிதர் ஒருவர் உரிமம் பெற்று வாங்கினாலும் சரி, நாலு குடும்பத்தார் சேர்ந்து சங்கத்துக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தாலும் சரி, அப்போது பிழையாக வாங்கிவிட்டால் பணம் போவதோடு முடியாது. உரிமத்திற்குக் காத்திருந்த மாதங்களும் போகும். மதிப்பெண் ஏறாமைக்குத் தன் கையே காரணம் என்று நம்பி, நல்ல திறமையுள்ள பிள்ளை விளையாட்டையே விட்டுவிடவும் கூடும். துப்பாக்கியின் குற்றத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது, மங்கிப்போன கரும்பலகையைப் பார்த்துப் பிழையாக எழுதிய மாணவனை அடிப்பது போன்றது.

துப்பாக்கியின் குற்றம் எவ்வளவு, பிள்ளையின் குற்றம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பிரித்துவிடலாம். 50 மீட்டர் போட்டிக்குரிய அனைத்துலக இலக்குத் தாளில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒன்பதாம் வட்டம் 26.4 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் வட்டக்கோட்டைத் தொட்டாலே அம்மதிப்பெண் கிடைக்கும். ஆகையால் குண்டின் நடுப்புள்ளி, தாளின் நடுவிலிருந்து எவ்வளவு விலகலாம்? வட்டத்தின் பாதி 5.2, குண்டின் பாதி 2.8, கூட்டினால் 8 மில்லிமீட்டர். அதாவது 16 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத்துக்குள் எல்லாக் குண்டுகளின் நடுவும் விழுந்தால் அத்தனையும் பத்து.

இப்போது ரைபிளை மேசைமேல் அசையாதபடி இறுக்கிப் பிடித்து, மனிதக் கையின் நடுக்கமே இல்லாமல், 50 மீட்டரில் பத்துக் குண்டு சுடுவதாகக் கொள்வோம். பத்தும் ஒரே துளையில் போகமாட்டா; ஒரு கூட்டமாக விழும். அத்துளைக்கூட்டத்தின் அகலம் 16 மில்லிமீட்டருக்குள் அடங்கினால், நடுவில் குறி வைத்துவிட்ட பின், அந்த ரைபிளும் தோட்டாவும் தாமாக ஒரு மதிப்பெண்ணையும் தின்பதில்லை. கூட்டம் 30 மில்லிமீட்டர் அகலமானால், ஓரத்துக் குண்டு நடுவிலிருந்து 15 மில்லிமீட்டர் விலகும். கை எவ்வளவு உறுதியாய் இருந்தாலும் அது ஒன்பதுதான். பத்துக்கு மூன்று குண்டு இப்படி விலகினால் அறுபது குண்டில் 18 மதிப்பெண் போயிற்று. 2024-இல் பாரிசு ஒலிம்பிக்கின் ஆடவர் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில், இறுதிச் சுற்றுக்குள் நுழைய இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே எடுத்தது 600-க்கு 590. மேற்படி துப்பாக்கியைக் கையில் கொடுத்திருந்தால் தெய்வமே வந்து சுட்டாலும் 582-க்கு மேல் ஏறாது.

கடைக்காரர் காட்டும் தாளில் துளைக்கூட்டம் பெரும்பாலும் அழகாகவே இருக்கும். எத்தனை குண்டு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று குண்டு, ஐந்து குண்டு சுட்டு நல்லதொரு தாளை எடுத்து வைத்துக்கொள்வது எளிது. பத்துக் குண்டு வீதம் நாலைந்து தாள் சுடச் சொல்லி, அவற்றுள் மோசமானதைப் பார்ப்பதே தேர்வு. ஒரே ஒரு தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து மாணவனை எடை போடாத ஆசிரியருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

சந்தையில் உள்ள ரைபிள்களைப் பார்ப்போம். புதிதாக, குறைந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் சிறு வேட்டைக்கும் பொழுதுபோக்குக்கும் செய்தவை. செக் நாட்டுச் சி.இசட். 457, அமெரிக்காவின் சாவேஜ் மார்க் டூ, லாபிஸில் பாரசூட் வீரர் இறங்கிய அதே 1964-இல் வெளிவந்த ரூகர் டென் டுவென்டி டூ முதலியன இவ்வகையின. இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. செக் ரைபிளின் குழல் விலையை நோக்க மிக நேர்த்தியானது. ஆனால் போட்டி விதி வேறு ஒன்றைக் கேட்கிறது. 50 மீட்டர் ரைபிளில் ஒவ்வொரு குண்டையும் தனித்தனியே இட்டுச் சுட வேண்டும்; ஆகவே ரூகர்போல் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வதற்கு அங்கு இடமில்லை. குறி பார்க்கத் தொலைநோக்கி கூடாது. கண்ணருகே சிறு துளையுடைய வட்டும், குழல் முனையில் வளையமும் கொண்ட குறிகாட்டிகளே ஏற்கப்படும். பெரும்பாலான வேட்டை ரைபிள்களில் அவை இல்லை. தனியே வாங்கிப் பொருத்தப் புகுந்தால் நல்ல குறிகாட்டி ஒன்றின் விலை சில வேளை ரைபிளின் விலையை எட்டும். பிறகு விசை கடினமாயிருக்கிறது என்று அதை மாற்றுவர். கட்டை குட்டையாயிருக்கிறது என்று அதை மாற்றுவர். மாற்றி முடித்த பின் கணக்குப் பார்த்தால், முறையான போட்டி ரைபிளைப் பழையதாக வாங்கியிருக்கலாம் என்பது தெரியும். இருபது வெள்ளிச் சட்டையை வாங்கி முப்பது வெள்ளிக்குத் தைத்துத் திருத்திய கதை அது.

பழைய போட்டி ரைபிளை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் முன்னே சொன்ன மெல்லிய பித்தளைதான். ஈயக் குண்டு மென்மையானது. அழுத்தமும் விரைவும் குறைவு. ஆகவே இக்குழல் பெரிய ரைபிளின் குழல்போல் சில ஆயிரம் குண்டுகளில் தேய்ந்துவிடாது. பேணி வைத்தால் இலட்சக்கணக்கில் சுடலாம். தந்தை சுட்டதை மகன் சுட்டு, அதைப் பேரனுக்கும் கொடுத்த குடும்பங்கள் ஐரோப்பாவில் உண்டு. பி.எஸ்.ஏ. நிறுவனம் 1950 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை செய்த மார்ட்டினி இன்டர்நேஷனல், அடிமுள் விரைந்து பாய்வதற்குப் பெயர் பெற்றது. ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ் நிறுவனம் 1856-இல் தொடங்கியது. இரண்டாம் போரில் எல்லாம் இழந்து, 1950-இல் உல்ம் நகரில் மீண்டும் தொடங்கியது. அதன் ‘54’ வகை இயந்திரமுடைய ரைபிள்கள் கடந்த அறுபது ஆண்டுகளாக ஒலிம்பிக் மேடைகளில் நின்று வருகின்றன. அவற்றுள் பழைய 1413, 1813, பின்வந்த 1907, 1913 ஆகிய எண்ணுடையவை கைமாறிக் கைமாறி விற்பனைக்கு வரும். அதே நிறுவனத்தின் 1903 எளிய ‘64’ இயந்திரம் உடையது, இளையோருக்கும் புதியோருக்கும் உரியது, விலையும் தாழ்ந்தது. தொடக்க நிலைப் போட்டியாளர் ஒருவருக்கு அதைவிட மேலான ஒன்று சில ஆண்டுகளுக்குத் தேவைப்படாது. வால்தர், ஃபைன்வெர்க்பாவ் ஆகியனவும் தரத்தில் தாழ்ந்தவை அல்ல.

உடம்புக்குப் பொருந்துவதைப் பற்றி நூல்கள் மிக விரிவாக எழுதும். இங்குச் சில சொற்களே போதும். தோளில் படியும் தகடும் கன்னம் சாயும் கட்டையும் நகர்த்தி அமைக்கத்தக்கவையாய் இருக்க வேண்டும். விதி 8 கிலோ வரை எடையை அனுமதிக்கிறது என்பதற்காகப் பதினான்கு வயதுச் சிறுவன் கையில் 8 கிலோவைக் கொடுத்தால் அவன் முதுகு வளையும். இடக்கைப் பிள்ளைக்கு வலக்கை ரைபிள் வாங்கிவிட்டு ‘பழகிக்கொள்வான்’ என்று சொல்வதும் ஆகாது.

இனிச் செலவின் பெரும்பகுதிக்கு வருவோம். கணக்குக்காக மட்டும் ஒரு தோட்டா ஒரு வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு நாள், நாளொன்றுக்கு அறுபது குண்டு, ஆண்டில் நாற்பது வாரம் பழகினால் 4,800 வெள்ளி. ஐந்தாண்டில் 24,000. இதே கணக்கில் ரைபிளுக்கு 4,000 கொடுத்தவரும் 8,000 கொடுத்தவரும் ஐந்தாண்டு முடிவில் செலவிடுவது முறையே 28,000, 32,000. ரைபிளின் விலையில் இரட்டிப்பாய்த் தெரிந்த வேற்றுமை மொத்தத்தில் ஏழில் ஒரு பங்காய்ச் சுருங்கிவிடுகிறது. தோட்டா விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கு மாறாது. பாரிசில் வெண்கலம் வென்ற குசாலேயின் தந்தை மராட்டிய நாட்டுக் கிராமம் ஒன்றில் ஆசிரியர். மகனின் பயிற்சிக்குத் தோட்டா வாங்க அவர் கடன் வாங்கினார் என்று அவ்வெற்றிக்குப் பின் செய்தித்தாள்கள் எழுதின. ஆசிரியர் வீட்டுக் கடனை ஆசிரியர்கள் அறிவர்.

எனவே தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது ரைபிளைத் தேர்ந்தெடுப்பதில் பாதி. போட்டித் தோட்டாவின் குண்டு 2.6 கிராம் எடையுடையது. அது வேண்டுமென்றே ஒலியின் விரைவுக்குக் கீழே, நொடிக்குச் சுமார் 325 மீட்டரில் செலுத்தப்படுகிறது. ஒலியை விஞ்சிப் புறப்பட்ட குண்டு வழியில் விரைவு தாழ்ந்து ஒலியின் எல்லையைக் கடக்கும்போது தள்ளாடும். ஆகவே பெட்டியின்மேல் ‘அதிவேகம்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பது இலக்குச் சுடுவோருக்குக் குறையே. அடுத்து, ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருடைய தோட்டாவிலும் உற்பத்தித் தொகுதிக்குத் தொகுதி வேற்றுமை உண்டு. ஒரு தொகுதியை ஒரு ரைபிள் விரும்பும். அதே வகையைச் சேர்ந்த மற்றொரு ரைபிள் வெறுக்கும். காரணத்தை முன்கூட்டிச் சொல்ல யாராலும் இயலாது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஈலி, ஃபின்லாந்தில் பிறந்த லாபுவா ஆகிய நிறுவனங்கள், ரைபிளைக் கொண்டுவருவோர்க்குத் தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்க்கத் தனிக் கூடங்களே வைத்திருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதோர் சங்கத்தில் உள்ள நாலைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டு, எது 16 மில்லிமீட்டருக்கு அருகில் வருகிறதோ அதே தொகுதி எண்ணில் அனுமதிக்குட்பட்ட அளவு வாங்கிக்கொள்ளலாம். நடுத்தர விலைத் தோட்டா ஒன்று உயர்ந்த விலைத் தோட்டாவை வென்றுவிடுவதும் உண்டு. அப்போது கிடைக்கும் மிச்சம் ஆண்டுதோறும் கிடைக்கும் மிச்சம்.

குண்டே இல்லாமல் பழகும் பயிற்சியும் உண்டு. வெறும் ரைபிளை இலக்கை நோக்கிப் பிடித்து, மூச்சடக்கி, விசையை அழுத்திப் பழகுவது அது. உலக வீரர்கள் தம் பயிற்சியில் பெரும் பங்கை இதற்கே ஒதுக்குகின்றனர். காசு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் விளிம்புத் தீத்தோட்டா ரைபிளில் ஓர் எச்சரிக்கை வேண்டும். தோட்டா இல்லாதபோது பல ரைபிள்களில் அடிமுள் நேரே குழலின் விளிம்பிலேயே போய் மோதும். நாளடைவில் அவ்விடம் பள்ளமாகிப் பின்னர் தோட்டா சரியாக ஏறாது, தீயும் பிடிக்காது. சுட்டு முடித்த வெறும் பித்தளைக் கூட்டை அறையில் இட்டு, ஓரிரு தடவைக்கு ஒருமுறை திருப்பி வைத்து அழுத்தினால் மோதல் அதில் அடங்கும். போட்டி ரைபிள்கள் சிலவற்றில் இதற்கெனத் தனி அமைப்பும் இருக்கும், வாங்கும்போது கேட்டறிக.

10 மீட்டர் காற்று ரைபிளையும் இங்கே மறக்கலாகாது. அதன் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு மிக மலிவு, கூடத்துக்குள்ளேயே சுடலாம். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் வென்றது அதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் பெற்றதும் அதில்தான். மலேசியாவின் நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாய் லண்டன் ஒலிம்பிக்கில் நின்று சுட்டதும் காற்று ரைபிளே. பாயின்ட் டூ டூவில் படுத்துச் சுடும் தனிப்போட்டி 2016-க்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டி மட்டுமே அங்கே எஞ்சியிருக்கிறது. எனவே நின்று சுடும் கலையைக் காற்று ரைபிளில் கற்றுக்கொண்டு மற்ற இரண்டிற்காகப் பாயின்ட் டூ டூவிற்கு வருவது பணத்திற்கும் பயிற்சிக்கும் ஒத்த வரிசை.

பழைய ரைபிள் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது என்று சங்கத்தார் சொல்லிப் பார்க்கப் போகும் நாளில், வெளியே மரக்கட்டை பளபளக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. குழலின் வாயை வெளிச்சத்தில் நோக்குக. குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் அவ்வட்ட விளிம்பில் சிறு வடு இருந்தாலும் குண்டு ஒருபுறம் சாய்ந்தே புறப்படும். இந்த வடு பெரும்பாலும் துப்புரவுக் கம்பியை அவசரமாக இழுத்ததால் ஏற்பட்டிருக்கும். பின்னர் தோட்டா அறைக்கு அடுத்துள்ள இடத்தைப் பார்க்க வேண்டும். பல்லாயிரம் குண்டு சுட்ட ரைபிளில் அங்கே வளையம்போல் அரிப்புக் காணும். சிறிதாயின் குழலைப் பின்புறம் வெட்டிச் சீர்செய்யும் கம்மியர் உண்டு. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

ஐரோப்பிய நூல்கள் அதிகம் சொல்லாத ஒன்று லாபிஸ் போன்ற ஊர்களின் ஈரம். ஆண்டு முழுவதும் மழை, காலையில் தோட்டத்துப் பனி, பிற்பகலில் இடி. தோல் உறைக்குள் பல மாதம் மூடி வைத்த ரைபிளின் குழல், தோல் உறிஞ்சிய ஈரத்தால் உள்ளே துருப் பிடித்திருக்கும். வெண்துணியைக் கம்பியில் சுற்றி ஒருமுறை இழுத்தால் செந்நிறம் காட்டிவிடும். மரக்கட்டையோ மழைக்காலத்தில் ஊதும், வறண்ட நாளில் சுருங்கும். அவ்வூதலும் சுருக்கமும் இயந்திரத்தை இறுக்கும் திருகுகளைத் தளர்த்தியும் இறுக்கியும் விளையாடும். நேற்று நடுவில் விழுந்த குண்டு இன்று ஒருபுறம் விழும். அலுமினியக் கட்டையுடைய ரைபிள் அதே விலையில் கிடைத்தால் அதுவே இவ்வூருக்கு ஏற்றது. மரமே வாய்த்தால் இயந்திரம் அமரும் குழிக்குப் பிசின் பூசிக் கெட்டியாக்கித் தரச் சொல்ல வேண்டும். திருகுகளை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விசையோடு முறுக்கும் கருவி ஒன்றை உடன் வாங்கிக்கொள்ள வேண்டும். சுட்டு வந்த அன்றே குழலில் எண்ணெய்த் துணி ஓட்டி, உறையிலிருந்து எடுத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இரும்புப் பேழையில் பூட்டி வைத்தால், இருபது ஆண்டு கழித்து விற்கும்போதும் அதன் விலை பெரிதும் இறங்கியிராது.